புது மோட்டாருக்கு என்ன மாட்டுவது? காற்றைப் பற்றி ஒரு பாடம்

நம் கிளையில் இந்த வருஷம் மட்டும் நான்கு பேர் புது மோட்டார் வாங்கியிருக்கிறார்கள். நால்வரும் வாங்கியது நெடுந்தூரம் போகிற ரகம். கோயில் வாசலில் வாகன பூஜை முடிந்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கி, டேங்கில் வைத்த சந்தனம் காய்வதற்குள்ளேயே கேள்வி வந்துவிடுகிறது: "அண்ணே, என்னென்ன மாட்டலாம்?" நாலு பேருக்கும் நாலு தடவை சொன்னதையே சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால், இந்த இதழில் எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் மெக்கானிக் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே கேள்விக்குத் தப்பான பதிலைக் காசு கொடுத்து வாங்கியவன், அவ்வளவுதான்.

என்னுடையது 250 சிசி, ரெட்டை சிலிண்டர். பி2 லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் இதற்கு மேல் போக முடியாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஷோரூமில் நிற்கும்போதே அதன் முன்னால் இருந்த பிளாஸ்டிக் தடுப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ரொம்பச் சின்னதாக இருந்தது. (கண்ணாடி என்று எழுதினால் சைடு கண்ணாடியோடு குழம்பும். அதனால் வின்ட்ஷீல்டு என்றே எழுதுகிறேன்.) மோட்டார் கைக்கு வந்த மூன்றாம் நாளே, ஒரு கடையில் இருந்ததிலேயே உயரமானதைப் பொறுக்கி 380 வெள்ளி கொடுத்து மாட்டினேன். அதே வாரத்தில் பின்னால் ஒரு பெரிய பாக்ஸ், இரண்டு ஸ்பாட்லைட், போன் மாட்டும் கை, யூஎஸ்பி சார்ஜர். ரெண்டு மாசச் சேமிப்பு ஒரே வாரத்தில் காலி. முன்னூறு கிலோமீட்டர்கூட ஓட்டியிருக்கவில்லை. காற்று என் உடம்பில் எங்கே படுகிறது என்றே எனக்குத் தெரியாது. தெரியாமலேயே அதற்கு மருந்து வாங்கிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து புக்கிட் மெர்தாஜத்தில் இளைஞர் முகாம். கிள்ளானிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். முகாமுக்கு வேண்டிய திருமுறைப் பாடத்திரட்டு அறுபது பிரதியை நானே கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டேன். ஒரு புத்தகம் கால் கிலோ. அறுபதும் பின் பாக்ஸில் கச்சிதமாக உட்கார்ந்தன. அதற்கு முன்னால், பின் சீட்டில், சின்னம்மா மகன். அவனுக்கு அப்போது பதினேழு வயசு. சின்னம்மா வாசலில் நின்று, "பாத்துப் போயா, ஒரே புள்ள" என்று சொன்னதும் காதில் இருக்கிறது.

ரவாங் தாண்டியதுமே என் ஹெல்மெட் ஆட ஆரம்பித்தது. யாரோ பின்னாலிருந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்து வேகமாக உலுக்குவது போல. சின்ன வின்ட்ஷீல்டு இருந்தபோது நெஞ்சில் காற்று தள்ளும், அவ்வளவுதான். இப்போது நெஞ்சில் காற்றே இல்லை, வியர்வை சட்டைக்குள் ஊற்றுகிறது, ஆனால் தலை மட்டும் தட்டாமாலை ஆடுகிறது. எதிரே இருக்கிற சைன்போர்டில் எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது. தாப்பா ஓய்விடத்தில் இறங்கியபோது கழுத்து கம்பாக நின்றது. காதில் ஒரு ரீங்காரம். தம்பி கேட்டான்: "அண்ணே, இவ்ளோ பெரிய வைசர் போட்டும் ஏன் இவ்ளோ சத்தம்?" நல்ல கேள்வி. பதில் அப்போது எனக்குத் தெரியாது.

தாப்பாவுக்கு வடக்கே குவா தெம்புரோங் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். சுண்ணாம்பு மலைகளுக்கு நடுவே நெடுஞ்சாலை போகிற இடம். பக்கக்காற்று அடிக்கும் என்பதால்தான் அங்கே காற்றின் திசை காட்டும் துணிப்பையைக் கம்பத்தில் கட்டி வைத்திருக்கிறார்கள். நான் 110-ல் ஒரு லாரியை வலப்பக்கமாகத் தாண்டினேன். லாரியின் மறைவு முடிந்து அதன் மூக்கைத் தாண்டிய நொடியில் காற்று இடப்பக்கத்திலிருந்து அறைந்தது. முன் சக்கரம் லேசாகிவிட்டது. ஹேண்டில் தானாக இடம் வலம் என்று மெதுவாக ஆட, மோட்டாரின் பின்பக்கம் மீன் வால் மாதிரி அதற்கு எதிராக ஆடியது. மூன்று முறை, நான்கு முறை. தம்பியின் கை என் இடுப்பை இறுக்கியது. நான் பிரேக்கைத் தொடவில்லை. அது அறிவால் அல்ல, கை உறைந்துபோனதால். ஆக்சிலேட்டர் மட்டும் தானாக விட்டுப்போனது. வேகம் எண்பதுக்கு இறங்கியதும் ஆட்டம் நின்றது. கோப்பேங்கில் வெளியேறி, முதல் கடையில் உட்கார்ந்து, தே ஓ வாங்கி, குடிக்காமலே வைத்திருந்தேன்.

"அண்ணே, என்னாச்சு?" என்றான்.

"காத்துடா. பலமா அடிச்சிருச்சு" என்றேன்.

அது பாதிப் பொய். மீதிப் பாதியைத்தான் இப்போது எழுதுகிறேன்.

பெட்டியின் அடித்தட்டில் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரை அன்றைக்கு அந்தக் கடை வாசலில்தான் முதல் முறையாகப் படித்தேன். அதிகபட்சம் 10 கிலோ என்று போட்டிருந்தது. நான் வைத்திருந்தது புத்தகம் மட்டுமே 15 கிலோ. பின் பாக்ஸ் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: பின் சக்கரத்தின் அச்சுக்கும் பின்னால், சீட்டுக்கும் மேலே. அச்சை நடுவில் வைத்த ஏற்றப்பலகை மாதிரி அது வேலை செய்கிறது. பின்னால் பாரம் இறங்க இறங்க முன் சக்கரத்தின் மேல் உள்ள பாரம் குறைகிறது. பின் சீட்டில் ஆளும் இருந்தால் இன்னும் குறையும். முன் சக்கரம் லேசானால், ஹேண்டில் நேராக நிற்கும் பிடிமானம் போய்விடும். அதோடு நான் மாட்டியிருந்த உயரமான வின்ட்ஷீல்டு ஒரு பாய்மரம். பக்கக்காற்று அதில் அடித்தால் நேராக முன்பக்கத்தைத் தள்ளும். பின்னால் பாக்ஸும் உயரத்தில் நின்று காற்றை வாங்குகிறது. காற்று என்னமோ அடித்தது உண்மை. அதற்குப் பிடி கொடுத்தது நான்.

இப்படி ஆட ஆரம்பித்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பிரேக்கை அழுத்தாதீர்கள். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்து ஆட்டத்தை நிறுத்தப் பார்க்காதீர்கள், இறுக்கினால் உங்கள் கைகளும் சேர்ந்து அதை ஆட்டும். ஆக்சிலேட்டரை மெதுவாக விடுங்கள், உடம்பை முன்னால் சாயுங்கள், முழங்காலால் டேங்கை இறுக்குங்கள், கைகளைத் தளர்த்துங்கள். இதை வீட்டு வாசலில் மோட்டார் நிற்கும்போதே இரண்டு தடவை செய்து பாருங்கள். ரோட்டில் யோசிக்க நேரம் இருக்காது.

சரி, தலை ஏன் ஆடியது?

ஊருக்குத் திரும்பியதும் எங்கள் பேட்டையில் முப்பது வருஷமாக மோட்டார் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "தம்பி, ஆத்துல பாறைக்குப் பின்னால தண்ணி எப்படி இருக்கும்?" என்று கேட்டார். சுழலும் என்றேன். "உன் தல அந்தச் சுழல்லதான் இருக்கு" என்றார். இதைவிட நன்றாக யாரும் எனக்கு விளக்கியதில்லை.

வின்ட்ஷீல்டின் மேல் விளிம்பைத் தாண்டி வரும் காற்று அங்கே பிய்கிறது. விளிம்புக்கு மேலே தெளிந்த காற்று, நேராக ஓடும். விளிம்புக்குப் பின்னால் கீழே அமைதியான இடம். இரண்டுக்கும் நடுவில் ஒரு கலங்கிய பட்டை இருக்கிறது, அங்கே காற்று சுருண்டு சுருண்டு வரும். அந்தப் பட்டை உங்கள் நெஞ்சில் பட்டால் பரவாயில்லை. ஹெல்மெட்டில் பட்டால்தான் உலுக்கலும் சத்தமும். அதனால் வின்ட்ஷீல்டு உயரமா குட்டையா என்பது கேள்வியே இல்லை. கலங்கிய பட்டை என் உயரத்துக்கு, என் சீட்டில், என் ஹெல்மெட்டில் எங்கே விழுகிறது என்பதுதான் கேள்வி. ஆறடி ஆள் "அருமையா இருக்கு" என்று சொல்லும் வின்ட்ஷீல்டு ஐந்தடி நாலு அங்குல ஆளின் மண்டையை உலுக்கும். எனக்கு நடந்தது அதுதான். கடையில் சிபாரிசு செய்தவர் என்னைவிட ஒரு சாண் உயரம்.

இன்னொன்று. பெரிய தடுப்புக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்துவிடும். குறைந்த இடத்தை நிரப்ப மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் காற்று உள்ளே பாயும். சில வண்டிகளில் முதுகைப் பின்னாலிருந்து யாரோ தள்ளுவது போல இருப்பதற்கு இதுதான் காரணம். வின்ட்ஷீல்டின் அடியில் ஒரு இடைவெளி விட்டுக் கொஞ்சம் காற்றை உள்ளே அனுப்பினால் அந்த அழுத்த வித்தியாசம் குறையும். நல்ல டூரிங் வின்ட்ஷீல்டுகளில் கீழே ஓட்டை இருப்பது அழகுக்கு இல்லை.

இதெல்லாம் புதுசாகக் கண்டுபிடித்த சமாச்சாரமும் இல்லை. 1970-களில் அமெரிக்காவில் கிரெய்க் வெட்டர் என்பவர் எந்த மோட்டாருக்கும் பொருத்தக்கூடிய 'விண்ட்ஜாமர்' என்ற பெரிய முன்கூட்டைச் செய்து விற்றார். 1976-ல் பி.எம்.டபிள்யூ தன் ஆர் 100 ஆர்.எஸ். மோட்டாரின் முழுக் கூட்டைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்து உருவாக்கியது. பெரிய கம்பெனிக்கே காற்றுச் சுரங்கம் தேவைப்பட்ட விஷயத்தை, நான் கடையில் பத்து நிமிஷத்தில், அதுவும் கண்ணால் பார்த்தே முடிவு செய்தேன்.

நமக்குக் காற்றுச் சுரங்கம் வேண்டாம். முதல் ஆயிரம் கிலோமீட்டர் ரன்-இன் என்று எப்படியும் மெதுவாகத்தான் ஓட்டப் போகிறீர்கள். அதுவரைக்கும் எதுவும் மாட்டாமல் ஓட்டுங்கள். அது முடிந்த பிறகு, வண்டி குறைவான ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நேரான நெடுஞ்சாலையில், 90-ல் போய்க்கொண்டே மூன்று விஷயம் பாருங்கள். முதலில் தலையைக் குனிந்து வின்ட்ஷீல்டுக்குப் பின்னால் இறங்குங்கள், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். சத்தம் எந்த இடத்தில் சட்டென்று அடங்குகிறது? நீங்கள் எவ்வளவு குனிந்தீர்களோ ஏறக்குறைய அவ்வளவு உயரம்தான் உங்களுக்குக் கூடுதலாகத் தேவை. பெரும்பாலும் அது நாலைந்து சென்டிமீட்டர்தான் இருக்கும். அடுத்து, நிமிர்ந்து உட்காருங்கள், ஃபுட்ரெஸ்டில் லேசாக எழும்புங்கள். அப்போது உலுக்கல் நின்று வெறும் காற்று மட்டும் நேராக அடிக்கிறதென்றால், உங்களுக்குத் தேவை உயரமானது இல்லை, இன்னும் குட்டையானது! இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. என்னிடம் கேட்ட நால்வரில் ஒருவர் கடைசியில் இருந்ததையும் வெட்டிக் குட்டையாக்கினார். அவர்தான் இப்போது ரொம்ப நிம்மதியாக ஓட்டுகிறார். மூன்றாவது, பின் சீட்டில் நம்பிக்கையான ஆள் ஒருவர் இருந்தால், அவர் கையை உங்கள் ஹெல்மெட் பக்கத்தில் வைத்து மெதுவாக மேலும் கீழும் நகர்த்தட்டும். காற்று எங்கே நேராகத் தள்ளுகிறது, எங்கே கையை உதறுகிறது என்று அவருக்கே தெரியும். ஓட்டுபவர் கையை விட்டுச் செய்ய வேண்டாம்.

இன்னும் ஒரு வழி இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. அம்மா பூ கட்டுகிற நூலை விரல் நீளத்துக்கு வெட்டி, வின்ட்ஷீல்டின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் டேப் போட்டு ஒட்டினேன். ஹெல்மெட்டின் பக்கவாட்டிலும் இரண்டு. பக்கத்தில் காரில் வந்த நண்பனின் தம்பி வீடியோ எடுத்தான். வெளிப்பக்க நூல் எல்லாம் படிய வாரிய முடி மாதிரி பின்னால் சாய்ந்திருக்க, உள்பக்க நூல் பைத்தியம் பிடித்தது போல முன்னும் பின்னும் சுழன்றது. ஹெல்மெட் நூலும் அப்படியே. பாறைக்குப் பின்னால் தண்ணீர் என்று பெரியவர் சொன்னதைக் கண்ணாலேயே பார்த்தேன். அம்மாவிடம் நூல் குறைந்ததற்குத் திட்டு வாங்கியது தனிக்கதை.

வின்ட்ஷீல்டு மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானால், மேல் விளிம்பு உங்கள் மூக்கு நுனி உயரத்துக்கு மேல் வரவேண்டாம். ரோட்டை அதன் மேலாகத்தான் பார்க்க வேண்டும், அதன் வழியாக அல்ல. நம் நாட்டில் மாலை மழை எப்படிக் கொட்டும் என்று தெரியுமே. ஹெல்மெட் வைசரில் ஒரு அடுக்குத் தண்ணீர், அதற்கு முன்னால் வின்ட்ஷீல்டில் இன்னொரு அடுக்கு, எதிரே லாரி விளக்கு. ஒன்றும் தெரியாது. வைசரைக் கையுறையால் துடைத்துக்கொள்ளலாம், வின்ட்ஷீல்டைத் துடைக்க முடியாது. அப்புறம் நம் வெயில். குளிர்நாட்டுக்காரர்களுக்கு நெஞ்சில் காற்றே படாமல் இருப்பது சுகம். இங்கே மத்தியானம் காற்றில்லாமல் இரண்டு மணி நேரம் ஓட்டினால் வியர்வை காயாது, உடம்பு சூடேறும், தண்ணீர் வற்றும், கவனம் போகும். நெஞ்சுக்குக் கொஞ்சம் காற்று வரட்டும். உயரத்தைவிட, தோளை மறைக்கிற அகலமும் மேல்நோக்கி லேசாக வளைந்த விளிம்பும் எனக்கு அதிகம் உதவின. இருக்கிற வின்ட்ஷீல்டின் மேல் கிளிப் போட்டு மாட்டும் சின்னத் துண்டு ஒன்று கிடைக்கிறது, ஏற்றி இறக்கலாம். முழுசாக மாற்றுவதற்கு முன் அதைப் போட்டுப் பார்ப்பது மலிவு.

கவனிக்க, ஹெல்மெட்டும் இதில் பாதிக் குற்றவாளி. முன்னால் கொக்கு மூக்கு மாதிரி நீண்ட ஹெல்மெட் படத்தில் அழகாக இருக்கும், 110-ல் அதே மூக்கு காற்றைப் பிடித்துத் தலையைத் தூக்கும். வின்ட்ஷீல்டைக் குறை சொல்லுமுன் நண்பரிடம் சாதாரண முழுமுக ஹெல்மெட் ஒன்றை வாங்கி ஒருநாள் போட்டுப் பாருங்கள். சிரிம் முத்திரை உள்ளதாகப் பாருங்கள், தளதளவென்று இருக்கிற ஹெல்மெட் எந்த வின்ட்ஷீல்டு போட்டாலும் ஆடும்.

காதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றுச் சத்தம் 90 டெசிபலைத் தாண்டிவிடும். என்ஜின் சத்தம் இல்லை, வெறும் காற்று. அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரைதான் இருக்கலாம் என்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். கணக்குப் போட்டால் 94-ல் ஒரே ஒரு மணி நேரம். கிள்ளானிலிருந்து தாப்பா வருவதற்குள் அந்த அளவு முடிந்துவிடும். தாப்பாவில் என் காதில் கேட்ட ரீங்காரம் அதுதான். அன்றைக்கு மறுநாள் காலைதான் போனது. போகாமலே இருந்துவிடுகிறவர்களும் உண்டு, காதுக்குள் செத்த நரம்பு திரும்பி வளராது. பஞ்சு போன்ற மஞ்சள் காதடைப்பான் மருந்துக்கடையில் சில வெள்ளிதான். உருட்டிச் செருகினால் காற்று இரைச்சல் அடங்கும், ஹார்னும் ஆம்புலன்ஸும் கேட்கும். மிருதங்கம் வாசிக்கிற பிள்ளைகள், பஜனையில் பாடுகிற பிள்ளைகள் நம் கிளையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் முதலில் வாங்கச் சொல்வது இதைத்தான். 380 வெள்ளி வின்ட்ஷீல்டு குறைக்காத சத்தத்தை இது குறைத்தது.

மற்ற சாமான்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டயர் காற்று அளக்கும் கருவியும் டியூப்லெஸ் பஞ்சர் செட்டும் பாக்ஸுக்கு முன்னால் வாங்க வேண்டியவை. உங்கள் டயர் டியூப் வைத்ததா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், கம்பிச் சக்கரம் என்றால் பெரும்பாலும் டியூப்தான், அந்தச் செட் உதவாது. க்ராஷ் பார் நல்லது, நின்ற இடத்தில் சாய்ந்தாலே கியர் லீவரும் கிளட்ச் லீவரும் தப்பிக்கும். ஆனால் ஒரே ஒரு போல்ட்டில் தொங்குவதை வாங்காதீர்கள். கைக்கவசம் மழையில் விரலைக் காப்பாற்றும். யூஎஸ்பி சார்ஜரைச் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் வயரில், ஃபியூஸ் வைத்து இழுக்கச் சொல்லுங்கள். நான் நேராக பேட்டரியில் இழுத்து, இரண்டு வாரம் ஊருக்குப் போய் வந்தபோது மோட்டார் ஸ்டார்ட் ஆகவில்லை. போனை ஹேண்டிலில் மாட்டுபவர்களுக்கு: என்ஜின் அதிர்வில் ஐபோன் கேமரா கெட்டுப்போகலாம் என்று 2021-ல் ஆப்பிளே எச்சரித்திருக்கிறது. அதிர்வைக் குறைக்கும் ரப்பர் உள்ள மாட்டியாக வாங்குங்கள், அல்லது பழைய போனை மாட்டுங்கள். ஸ்பாட்லைட் வேண்டுமென்றால் முதலில் ஜேபிஜேயில் கேட்டுவிட்டு வாங்குங்கள். என்னுடையதைக் கழற்றி வைத்துவிட்டேன், எதிரே வருகிறவர் கண்ணைக் குருடாக்குவதில் என்ன லாபம்?

பாக்ஸ் விஷயத்துக்கு மறுபடி வருகிறேன், மனசு கேட்கவில்லை. பாரமானது எல்லாம் கீழேயும் முன்னாலும் இருக்க வேண்டும். டேங்க் மேல் வைக்கும் பையில் கருவிகள், சைடு பைகளில் துணியும் புத்தகமும் இரண்டு பக்கமும் சமமாக, பின் பாக்ஸில் மழைக்கோட்டும் ஹெல்மெட்டும் மாதிரி லேசானவை. துணியாலான சைடு பை வாங்கினால் சைலன்சரில் உரசாமல் பாருங்கள். இரும்புப் பெட்டி என்றால் ஹேண்டிலைவிட அகலம் வேண்டாம், ஹேண்டில் நுழைந்த இடத்தில் பெட்டி மாட்டிக்கொள்ளும். பின்னால் ஆள் ஏறினாலோ சாமான் ஏறினாலோ பின் சஸ்பென்ஷனை இறுக்க வேண்டும், டயர் காற்றைச் செயின் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள இருவர் அளவுக்கு ஏற்ற வேண்டும். நான் இரண்டையும் செய்யவில்லை. பின்பக்கம் அமுங்கினால் முன்விளக்கு மேலே பார்க்கும், முன் சக்கரம் இன்னும் லேசாகும், வின்ட்ஷீல்டின் சாய்வும் மாறி கலங்கிய பட்டை வேறு இடத்துக்குப் போகும். தனியாக ஓட்டிப் பார்த்து வாங்கிய வின்ட்ஷீல்டு ஆள் ஏறியதும் மாறிப்போவது இதனால்தான். எந்தப் பயணத்துக்கு வாங்குகிறீர்களோ அந்தப் பாரத்தோடு சோதித்துப் பாருங்கள். பின்னால் உட்காருகிறவர் நம்மைவிட உயரத்தில் இருப்பதால், நாம் தப்பித்த சுழல் அவர் முகத்தில் விழக்கூடும். இறங்கியதும் அவரிடம் கேளுங்கள். தம்பி அன்றைக்குத் தலைவலி என்று முகாமில் முதல் வகுப்புக்கே வரவில்லை, நான் சோம்பேறி என்று திட்டினேன்.

வேகம் பற்றி ஒரே ஒரு கணக்கு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-ல் இருப்பதைவிட 110-ல் காற்று ஏறக்குறைய இரண்டு மடங்கு தள்ளும். பக்கத்தில் பெரிய பெட்டி இருந்தால் பெட்ரோலும் அதற்கேற்ப. குவா தெம்புரோங்கில் இப்போது 90-க்கு மேல் போவதில்லை. துணிப்பை படுத்துக்கிடந்தால் பரவாயில்லை, நீட்டி நின்றால் லாரியைத் தாண்டுவதை அந்த மலை முடியும்வரை தள்ளிப்போடுகிறேன்.

வின்ட்ஷீல்டைப் பராமரிப்பதில் ஒரு தவறு நிறையப் பேர் செய்கிறார்கள். பாலிகார்பனேட் ரகத்தை அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தாலோ பெட்ரோலாலோ துடைத்தால் நாளடைவில் நுண்ணிய விரிசல் விழும். காய்ந்த பூச்சியை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறும். ஈரத் துண்டைப் பத்து நிமிஷம் அதன் மேல் போட்டு வையுங்கள், தானாக ஊறி வந்துவிடும். ஆயுத பூஜைக்குக் கழுவும்போதும் இப்படித்தான். மாட்டும் போல்ட்டுகளுக்கு ரப்பர் வாஷர் இருக்கும், ஆத்திரத்தில் இறுக்கினால் ஓட்டையிலிருந்து வெடிக்கும்.

என் 380 வெள்ளி வின்ட்ஷீல்டை ஆறடி உயரமுள்ள ஒரு நண்பருக்கு 150-க்குக் கொடுத்தேன். அவருக்கு அளவெடுத்துச் செய்தது மாதிரி பொருந்தியது, தலை ஆடவே இல்லையாம். என் மோட்டாரில் இப்போது பழைய சின்ன வின்ட்ஷீல்டும் அதன் மேல் ஐந்து சென்டிமீட்டர் கிளிப் துண்டும் இருக்கின்றன. மழையில் முழங்கால் நனைகிறது, அதற்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

தம்பிக்கு இப்போது இருபது வயசு. போன மாசம் பி2 எடுத்துவிட்டான், மோட்டார் பார்த்துக்கொண்டிருக்கிறான். கோப்பேங் கடையில் "காத்துடா" என்று சொன்னதோடு சரி, அதற்கப்புறம் நாங்கள் அதைப் பேசவில்லை. இந்த இதழ் அவன் வீட்டுக்கும் போகும். டேய், பாக்ஸில் பாரம் அதிகம், டயரில் காற்று குறைச்சல், வேகமும் கூட. சின்னம்மாவிடம் நானே வந்து சொல்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே. இந்த வருஷ முகாமுக்குப் புத்தகங்கள் பஸ்ஸில் போகின்றன.